கதவுக்கும் ஓர் ஊர் உண்டு

பல்லடம் வட்டாரச் சாலைகளில் பயணிப்பவர்கள் பழைய வீடுகளை இரண்டு நிலைகளில் காணலாம். ஊருக்குள், ஓட்டுக் கூரை ஒருபுறம் சரிந்து, திண்ணை ஓரத்தில் எருக்கு முளைத்து, பூட்டிய கதவோடு நிற்கும் வீடு ஒன்று. சாலையோரத்துப் பழைய மரக் கடைகளில் கதவு ஓர் அடுக்கு, சன்னல் ஓர் அடுக்கு, தூண் ஓர் அடுக்கு என்று பிரிந்து கிடக்கும் வீடு மற்றொன்று. முதல் நிலையிலிருந்து இரண்டாவது நிலைக்கு வந்து சேர ஒரு வாரம் போதும். பொக்லைன் இயந்திரம் வந்துவிட்டால் ஒரே நாள்.

இத்தகைய கடைகளின் முன் நிற்க வாய்க்கும்போதெல்லாம் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது எந்த ஊர் வீட்டுக் கதவு? “தாராபுரம் பக்கமுங்க”, “காங்கயத்துக்குத் தெக்கால இருந்து வந்துச்சுங்க” என்ற அளவில் பதில் கிடைக்கும். வீட்டின் பெயரோ, கட்டிய ஆண்டோ, செதுக்கிய ஆசாரியின் ஊரோ கடைக்காரருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. மரத்தின் கன அடிக்கும் வேலைப்பாட்டுக்கும் விலை சொல்வது அவர் தொழில். அந்தக் கதவின் வரலாற்றை எழுதி வைத்திருக்க வேண்டிய இடம் அது நின்றிருந்த ஊர். அங்கே அந்த வேலையை யாரும் செய்வதில்லை.

கட்டடப் பாரம்பரியம் என்றால் கோயில், கோட்டை, ஆங்கிலேயர் காலத்து அலுவலகம் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. கோவையில் 1892இல் எழுந்த விக்டோரியா நகர மண்டபத்தைப் புதுப்பித்தால் செய்தியாகிறது. அது வரவேற்கத் தக்கதே. ஆனால், மக்கள் பிறந்து, மணமுடித்து, மூத்து மறைந்த சாதாரண வீடுகள் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவை நாள்தோறும் குறைகின்றன. அத்தனையையும் காப்பாற்ற முடியாது என்பது எனக்கும் தெரியும். என் வேண்டுகோள் சிறியது: குடியிருக்க முடிந்த வீட்டைச் செப்பனிட்டுக் குடியிருப்போம், முடியாத வீட்டை உடைக்காமல் பிரிப்போம், பிரிப்பதற்கு முன் அதைப் பற்றி எழுதி வைப்போம்.

பிரிக்கத் தக்க வீடு

கொங்கு நாட்டில் ‘தொட்டிக்கட்டு வீடு’ என்று சொல்லப்படும் வீட்டின் நடுவே வானம் பார்த்த, தாழ்வான ஒரு முற்றம் இருக்கும். நாற்புறக் கூரைகளிலிருந்தும் மழைநீர் அந்தத் தொட்டிக்குள் வடியும். அதைச் சுற்றித் தூண்கள் தாங்கும் தாழ்வாரம். அதையொட்டி ஆசாரம், சமையலறை, தானியம் வைக்கும் அறை. தலைக்கு மேல் அட்டாலி. முன்புறம் திண்ணையும் வாசலும், பின்புறம் பொடக்காளி. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் இந்த நிலத்தில் மழை குறைவு, வெயில் அதிகம், பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றும் அதிகம். தடித்த சுவரும் உயர்ந்த ஓட்டுக் கூரையும் நடுமுற்றமும் அதற்கேற்ற விடைகள்.

இந்த வீட்டின் கட்டுமானத்தைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். தூணின் தலையில் போதிகை; போதிகையின் மேல் உத்தரம்; உத்தரத்தின் மேல் கைமரம்; அதன்மேல் ரீப்பர்; ரீப்பரின் மேல் ஓடு. ஒவ்வொன்றும் தனக்குக் கீழுள்ளதன் மேல் தன் எடையாலேயே அமர்ந்திருக்கிறது. மூட்டு விழும் இடங்களில் துளையும் நாக்குமாகக் கோத்து, மர ஆப்பு அடித்திருப்பார்கள். எந்த வரிசையில் ஏற்றினார்களோ அதற்கு நேர் எதிர் வரிசையில் இறக்கிவிடலாம். ஓடு பிரித்து மேய்வது இந்த வீடுகளின் வாழ்க்கையில் இயல்பான நிகழ்வு. மழைக்கு முன் கூரையைப் பிரித்து, உடைந்த ஓட்டை நீக்கி, உளுத்த ரீப்பரை மாற்றி, மீண்டும் அடுக்கினார்கள். பிரிப்பதும் சேர்ப்பதும் பராமரிப்பின் பெயர்களாக இருந்தன. ஒரு பாகம் கெட்டால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றினால் போதும்.

பொருட்கள் பெரும்பாலும் அருகிலிருந்தே வந்தன. கடைக்காலுக்குக் கருங்கல், சுவருக்கு மண்ணும் செங்கல்லும், பூச்சுக்குச் சுக்கான்கல்லைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு, கூரைக்கு வைரம் பாய்ந்த பனையும் வேம்பும். வசதி படைத்தவர்கள் தேக்கை நாடினார்கள். இன்றைய பழைய மரக் கடைகளில் மிக அதிக விலைக்குப் போவது அந்தத் தேக்குதான். அந்த விலைக்கு ஒரு காரணம் உண்டு. பொள்ளாச்சிக்குத் தெற்கே உள்ள ஆனைமலைக் காடுகளிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் பம்பாய்க் கப்பல் கட்டும் தளம் வரைக்கும் தேக்கு சென்றது. வெட்டிய மரங்களைச் சரிவில் தள்ளிவிட்ட இடத்துக்கே டாப்ஸ்லிப் என்று பெயர் வந்தது. வெட்டி வெறுமையான மலையில் மீண்டும் தேக்கை வளர்த்தெடுத்த வன அலுவலர் ஹியூகோ வுட் 1933இல் மறைந்தார். அவர் வளர்த்த மரங்களுக்கு நடுவிலேயே அடக்கம் செய்யப்பட்டார். பழைய கதவு ஒன்றில் இருக்கும் மரம் நூறு ஆண்டுகளுக்கு மேல் காட்டில் நின்று வளர்ந்தது. அப்படிப்பட்ட மரம் இனி எளிதில் கிடைக்காது.

ஓட்டின் முதுகில் ஒரு முத்திரை

நாட்டு ஓட்டுக்குப் பிறகு வந்தது சீமை ஓடு. பாசல் மிஷன் என்ற சமயப் பணி அமைப்பு 1865இல் மங்களூரில் ஓட்டு ஆலை ஒன்றைத் தொடங்கியது. ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் இந்த ஓட்டின் வடிவத்துக்குப் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் கிலார்டோனி சகோதரர்கள் 1841இல் காப்புரிமை பெற்றிருந்தார்கள். மங்களூரின் களிமண் அதற்கு வாகாக அமைந்தது. கோழிக்கோடு, பெரோக் பகுதிகளிலும் ஆலைகள் எழுந்தன.

மேற்குக் கடற்கரையின் ஓடு கிழக்கே வர வழி ஏற்கெனவே திறந்திருந்தது. சென்னையிலிருந்து ஈரோடு, திருப்பூர், போத்தனூர் வழியாகப் பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து பேப்பூர் வரை செல்லும் இருப்புப்பாதை 1862இல் நிறைவடைந்தது. பேப்பூருக்குப் பக்கத்து ஊர்தான் பெரோக். கொங்கு நாட்டுக் கூரை சிவப்பானதற்குப் பின்னால் ஒரு கணவாயும் ஒரு ரயில் பாதையும் இருக்கின்றன.

இந்த ஓடுகளின் முதுகில் ஆலையின் பெயரும் ஊரும் முத்திரையாகப் பதிந்திருக்கும். பாசல் மிஷன் ஓட்டில் 1865 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கும் அதே வயது என்று சொல்பவர்களைக் கண்டிருக்கிறேன். அது ஆலை தொடங்கிய ஆண்டு. ஓடு வார்த்த ஆண்டு அன்று. இன்னொரு முத்திரை வயதைக் கணிக்க உதவும். முதல் உலகப் போரை ஒட்டிப் பாசல் மிஷனின் தொழில்கள் பிரிட்டிஷ் அரசின் கைக்குப் போய், காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்தின் பொறுப்புக்கு மாறின. எனவே, ‘காமன்வெல்த்’ என்ற பெயர் தாங்கிய ஓடு அந்தப் போருக்குப் பிந்தையது என்று உறுதியாகச் சொல்லலாம். கல்வெட்டு இல்லாத வீட்டுக்கு ஓடே கல்வெட்டு. ஆனால், ஓட்டை அது இருந்த கூரையோடு சேர்த்துப் பார்த்தால்தான் இந்தக் கணக்கு பயன்படும். லாரியில் ஏறி வேறு ஊர் ஓடுகளோடு கலந்துவிட்டால் அது எந்த வீட்டின் வயதையும் சொல்லாது.

சுண்ணாம்பு விட்டுக்கொடுக்கும், சிமெண்ட் விடாது

பழைய வீட்டின் செங்கல்லை மீட்க முடிகிறது. புதிய வீட்டின் செங்கல்லை மீட்பது அரிதாக இருக்கிறது. காரணம் செங்கல்லில் இல்லை. இரண்டு செங்கற்களுக்கு நடுவில் இருக்கும் கலவையில் இருக்கிறது.

சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறும். சுட்ட கல்லை நீரில் தாளித்து, மணல் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் ஊற்றி அரைத்துக் கட்டினார்கள். அந்தக் கலவை காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு மீண்டும் சுண்ணாம்புக்கல்லாக இறுகும். இறுகிய பிறகும் அது செங்கல்லைவிட மென்மையானது. சுவர் சற்று அசைந்தால் விரிசல் கலவையின் வழியே போகும், செங்கல் தப்பித்துக்கொள்ளும். சுவரைப் பிரிக்கும்போது கொத்துக்கரண்டியால் தட்டினாலே கலவை உதிர்ந்து செங்கல் முழுதாகக் கைக்கு வரும். ஈரத்தையும் அது உள்ளே அடைத்து வைக்காது. சுவர் நனைந்தால் உலரவும் விடும்.

மதுக்கரையில் சுண்ணாம்புக்கல் நிறைய உண்டு. 1930களில் அங்கே சிமெண்ட் ஆலை வந்தது. சிமெண்ட் சில மணி நேரத்தில் இறுகும், மழைக்கு அஞ்சாது, அடுக்கு மாடி கட்ட உதவும். அதன் நன்மைகளை மறுப்பதற்கில்லை. ஆனால், சிமெண்ட் கலவை செங்கல்லைவிட வலுவாகிவிடும்போது, பிரிக்க முயன்றால் முதலில் உடைவது செங்கல்தான். கான்கிரீட் கூரையையோ கம்பியோடு சேர்த்து நொறுக்கத்தான் வேண்டும். கம்பி பழைய இரும்புக் கடைக்குப் போகும், மற்றதெல்லாம் பள்ளம் நிரப்பப் போகும். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் 7 முதல் 8 விழுக்காடு வரை சிமெண்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. உடைத்துக் கொட்டும் ஒவ்வொரு சுமைக்கும் ஈடாகப் புதிதாக ஒன்றைச் சுட வேண்டியிருக்கிறது என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எளிய கணக்கு ஒன்று. சீமை ஓடு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 வேண்டும். 2,000 சதுர அடிக் கூரையில் சுமார் 2,800 ஓடுகள் இருக்கும். ஓர் ஓடு இரண்டரைக் கிலோ என்று வைத்தால் ஏழு டன். கையால் இறக்கினால் அதில் பெரும்பகுதி இன்னொரு கூரைக்குப் போகும். இயந்திரத்தால் தள்ளினால் ஏழு டன்னும் ஓட்டாஞ்சில்லு.

பழைய வீட்டைச் செப்பனிடுபவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். சில ஆண்டுகளில் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும், உள்ளிருக்கும் செங்கல்லும் பொடியும். ‘பழைய வீடு, அதனால்தான் உதிர்கிறது’ என்ற முடிவுக்கு வந்து இடித்த வீடுகளில் எத்தனை இப்படித் தவறான வைத்தியத்தால் நோயுற்றவையோ!

சந்தைக்கு வந்த வீடு

மீட்ட பொருளுக்குத் தமிழகத்தில் பெயர் பெற்ற சந்தை காரைக்குடியின் முனீஸ்வரன் கோயில் தெரு. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் கதவுகளும் பீங்கானும் ஓவியங்களும் அங்கிருந்து நாடெங்கும் சென்றிருக்கின்றன. அதே செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. ஒருபுறம் பெருமை, மறுபுறம் விற்பனை. இரண்டும் ஒரே வட்டாரத்தில் ஒரே காலத்தில் நடக்கின்றன.

இந்த வணிகத்தை முழுக்கப் பழிக்க நான் விரும்பவில்லை. கடைக்காரர் வாங்காவிட்டால் பல கதவுகள் அடுப்புக்குப் போயிருக்கும். ஆனால், பொருளுக்கு நல்ல விலை கிடைக்கும் என்பதே நிற்கும் வீட்டைப் பிரிக்கக் காரணமாகிவிடும் அபாயமும் உண்டு. ஆசாரத்தின் தூண் ஒரு விடுதியின் வரவேற்பறையில் எதையும் தாங்காமல் நிற்கிறது. நிலைக்கதவு கண்ணாடி மூடிய மேசையாகிறது. மரம் பிழைத்தது என்பது உண்மை; அது எதற்காக அப்படிச் செதுக்கப்பட்டது என்ற அறிவு பிழைக்கவில்லை.

சட்டம் இதில் முழு மௌனம் காக்கவில்லை என்பதைப் பலரும் அறிவதில்லை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம், நூறு ஆண்டுகளுக்குக் குறையாத தொல்பொருள்களுக்குத் தரும் விளக்கத்தில் கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருளையும் சேர்த்திருக்கிறது. தொல்பொருள் வணிகத்துக்கு உரிமம் வேண்டும். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யக் கூடாது. ஆனால், ஒரு கதவுக்கு நூறு வயது ஆகிவிட்டதா என்று எப்படி அறிவது? அது எந்த வீட்டில், எந்த ஆண்டிலிருந்து இருந்தது என்ற குறிப்பு இருந்தால்தானே! ஊர் தெரியாத கதவுக்கு வயதும் தெரியாது. வயது தெரியாத கதவைச் சட்டமும் காக்காது.

கட்டடக் கழிவு விதிகள் வேறொரு கோணத்திலிருந்து பேசுகின்றன. 2016ஆம் ஆண்டின் கட்டுமானம் மற்றும் இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள், ஒரு நாளில் 20 டன்னுக்கு மேலோ, ஒரு திட்டத்தில் மாதத்துக்கு 300 டன்னுக்கு மேலோ கழிவை உண்டாக்குபவர்கள் அதைக் கான்கிரீட், மண், இரும்பு, மரம், பிளாஸ்டிக், செங்கல் என்று வகை பிரிக்க வேண்டும் என்றன. 2025இல் அறிவித்த புதிய விதிகள் 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள கட்டுமானங்களுக்குக் கூடுதல் பொறுப்பைச் சுமத்துகின்றன. நல்ல முயற்சிகள்தான். எனினும், இவற்றின் பார்வையில் எல்லாமே கழிவு. செதுக்கிய நிலைக்கதவும் சாரக் கட்டையும் ‘மரம்’ என்ற ஒரே குவியலில்தான் விழும். கிராமத்தில் சரியும் ஒரு வீட்டை எடை போட்டுப் பார்க்கப் போகிறவர் எவரும் இல்லை.

செம்பியன் மாதேவி காட்டிய முறை

பழைய கட்டடத்தை அகற்றும் முன் அதன் செய்தியைப் படியெடுத்து வைப்பது நமக்குப் புதிதல்ல. 10ஆம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவி பல பழைய கோயில்களைக் கற்றளியாகப் புதுப்பித்தார். அவற்றுள் ஒன்று தஞ்சாவூர் மாவட்டத்துத் திருக்கோடிக்காவல் கோயில். அங்கே புதுப்பணி நடந்தபோது, முந்தைய கற்களில் இருந்த கொடைச் செய்திகளைப் புதிய சுவரில் மீண்டும் வெட்டினார்கள். இது பழைய கல்லின் படி என்ற குறிப்பையும் நேர்மையாகச் சேர்த்தார்கள். எந்த நிலம் யார் கொடுத்தது, எந்த விளக்குக்கு எத்தனை ஆடு என்ற கணக்குகள், தாங்கிய கல் போன பிறகும் நிலைத்தன. இன்று வரலாற்று ஆய்வாளர்கள் அந்தப் படிகளை நம்பி எழுதுகிறார்கள்.

ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய உளியால் முடிந்த ஒரு காரியம், ஒவ்வொரு சட்டைப்பையிலும் ஒளிப்படக் கருவி இருக்கும் காலத்தில் முடியாமல் போவதற்குக் காரணமே இல்லை.

வீட்டையே பிரித்து இடம் மாற்றியதற்கும் முன்மாதிரி நம்மிடம் உண்டு. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா வளாகத்தில், இடிபடவிருந்த தென்னக வீடுகளை விலைக்கு வாங்கி, பாகம் பாகமாகப் பிரித்துக் கொண்டுவந்து, மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடு, கேரளத்து மர வீடு என்று ஒவ்வொன்றும் தன் ஊர்ப் பெயரோடு நிற்கிறது. அந்த வளாகத்தின் வடிவமைப்பில் பங்களித்த லாரி பேக்கர், பழைய கதவையும் ஓட்டையும் புதிய வீட்டில் சேர்ப்பதை ஏழைக்கும் உகந்த கட்டடக் கலையாகவே கேரளத்தில் வளர்த்தவர்.

சீனாவின் நிங்போ நகரில் 2008இல் திறந்த அருங்காட்சியகத்தின் சுவர்களைக் கட்டடக் கலைஞர் வாங் சூ, அந்த வட்டாரத்தில் இடித்த கிராமங்களின் ஓடுகளையும் செங்கற்களையும் அடுக்கி எழுப்பினார். 2012இல் அவருக்குப் பிரிட்ஸ்கர் விருது கிடைத்தது. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரம் 2016இல் ஒரு விதி செய்தது: 1916இலோ அதற்கு முன்போ கட்டிய வீடுகளை அகற்ற வேண்டுமானால் இயந்திரத்தால் நொறுக்கக் கூடாது; கையால் பிரித்தெடுக்க வேண்டும். பின்னர் அந்த எல்லையை 1940 வரை நீட்டினார்கள். அந்த விதி வீட்டை அகற்றும் உரிமையைப் பறிக்கவில்லை; அகற்றும் முறையை மட்டும் வகுத்தது.

நம் மாநிலத்திலும் நம்பிக்கை தரும் செயல்கள் நடந்திருக்கின்றன. 2012 ஜனவரியில் தீக்கிரையான சேப்பாக்கம் கலச மகாலைப் பொதுப்பணித் துறை சுண்ணாம்புக் கலவையும் தேக்கு உத்தரமும் கொண்டு மீட்டெடுத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இன்று அங்கே இயங்குகிறது. கோவை அவிநாசி சாலையில் 1910இல் தொடங்கிய லட்சுமி மில்லின் பழைய ஆலைக் கட்டடங்களில் ஒரு பகுதி இப்போது கடைகளும் உணவகங்களுமாகப் புழக்கத்தில் இருக்கிறது. பயன் மாறினாலும் கட்டடம் நிற்க முடியும் என்பதற்கு நமக்கு மிக அருகில் இருக்கும் சான்று இது.

யாருடைய வீடு?

இங்கே ஒரு நியாயமான எதிர்க்குரலுக்குச் செவிகொடுக்க வேண்டும். தொட்டிக்கட்டு வீடு நிலம் படைத்தவர்களின் வீடு. அதன் திண்ணை வரை மட்டுமே வர முடிந்தவர்கள் இருந்தார்கள். வாசலுக்கு அப்பாலேயே நிற்க வேண்டியிருந்தவர்களும் இருந்தார்கள். அந்த வீட்டுச் சுவருக்கு மண் மிதித்தவர்களும் சுண்ணாம்பு அரைத்தவர்களும் ஓலைக் குடிசையில் வாழ்ந்தார்கள். அவர்கள் வீடுகளிலிருந்து மீட்க ஒரு கதவுகூட மிஞ்சவில்லை. உள்ளே வாழ்ந்த பெண்களைக் கேட்டால், புகை மண்டிய சமையலறையையும் கழிப்பறை இல்லாத பொடக்காளியையும்தான் முதலில் சொல்வார்கள்.

இவை உண்மை. அதனால்தான் எழுதி வைப்பது இன்னும் தேவையாகிறது என்பேன். யார் கட்டினார்கள், யார் எதுவரை வந்தார்கள், எந்த வாசல் யாருக்கு என்பதை ஒரு வீட்டின் வரைபடம் ஒளிக்காமல் சொல்லும். அழகான கதவு மட்டும் எஞ்சி, வீட்டின் அமைப்பு மறைந்துபோனால் எஞ்சுவது வெறும் பழம்பெருமை. முழு வீட்டின் பதிவும் இருந்தால்தான் பெருமையோடு சேர்த்துச் சிறுமையையும் அடுத்த தலைமுறை படிக்க முடியும்.

வீட்டை விட்டுப் போகிறவர்களின் காரணங்களும் மெய்யானவை. நான்கு பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்கும்போது நடுவே இருக்கும் முற்றத்தை எப்படி நான்காக்குவது? விசைத்தறிக் கூடத்துக்கு இடம் வேண்டும். சாலை அகலமாகிறது. ஓடு மேயத் தெரிந்த ஆள் கிடைப்பதில்லை; மயில் வந்து அமர்ந்தாலே ஓடு நகர்ந்து ஒழுகுகிறது என்கிறார்கள். இவர்களிடம் பாரம்பரியத்தைக் காக்கச் சொல்லி உபதேசிப்பது எளிது. செலவை ஏற்பவர் யார் என்ற கேள்விக்கு உபதேசிகளிடம் பதில் இல்லை. அதனால்தான் குறைந்த செலவில் முடியக்கூடியதை மட்டும் முன்வைக்கிறேன்.

பல்லடத்தில் தொடங்கலாம்

முதலாவது, ஒரு பதிவுத் தாள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட எந்தக் கட்டடத்தை அகற்றுவதானாலும் ஊராட்சியிலோ நகராட்சியிலோ ஒரு தாளை நிரப்பித் தர வேண்டும். ஊர், கட்டிய காலம், அளவுகளோடு ஓர் எளிய வரைபடம், எல்லா அறைகளின் ஒளிப்படங்கள், ஓட்டின் முத்திரை, மரத்தின் வகை, வேலை செய்தவர்கள் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் செய்தி. அருகிலுள்ள கல்லூரிகளின் வரலாற்று மாணவர்களும் கட்டடக் கலை மாணவர்களும் ஒரே நாளில் இதைச் செய்துவிடுவார்கள். ஒரு படி கிளை நூலகத்தில் இருக்கட்டும். இது அனுமதி மறுக்கும் விதியாக இருக்கக் கூடாது. மறுத்துவிடுவார்களோ என்ற அச்சம் எழுந்தால் இரவோடு இரவாக இடிப்பார்கள்.

இரண்டாவது, பொருளுக்கு எண். பிரித்தெடுக்கும் கதவு, தூண், உத்தரம் ஒவ்வொன்றின் மறைவான பக்கத்திலும் ஊர்ப் பெயரையும் ஆண்டையும் பதிவுத் தாளின் எண்ணையும் எழுதிவிடலாம். செலவு ஒரு சிறு டப்பா பெயின்ட். அதன் பிறகு அந்தக் கதவு எந்த நகரத்துக்குப் போனாலும் ஊர் பெயரோடு போகும். வாங்குபவர்களுக்கும் அது மதிப்பைக் கூட்டவே செய்யும். வரலாறு தெரிந்த பொருளுக்கு விலை அதிகம் என்பது வணிகர்கள் அறியாததல்ல.

மூன்றாவது, ஒரு பொது முற்றம். அரசுக் கட்டடங்களை இடிக்கும்போது பொருட்களின் மதிப்பைக் கணக்கிட்டு ஏலம் விடும் நடைமுறை ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சற்று விரித்து, மீட்ட செங்கல், ஓடு, மரம், கருங்கல் ஆகியவற்றை வட்ட அளவில் ஓரிடத்தில் தரம் பிரித்து விற்கலாம். பழைய பள்ளிகளையும் நூலகங்களையும் பழுதுபார்க்க அங்கிருந்தே எடுக்கலாம். ஓட்டு வீட்டை விடாமல் வைத்திருக்கும் ஒரு முதியவருக்கு நூறு ஓடு எளிய விலையில் கிடைத்தால் அந்தக் கூரை இன்னும் பத்து மழையைத் தாங்கும்.

நான்காவது, கைத்தொழில். நம் பக்கத்தில் திருமுருகன்பூண்டியில் சிற்பிகள் இன்றும் கல் செதுக்குகிறார்கள். ஒரு கலை ஊன்றியிருக்க வேண்டுமானால் அதற்கு வேலை இருக்க வேண்டும் என்பதற்கு அவர்களே சான்று. சுண்ணாம்புக் கொத்து வேலையும் ஓடு மேய்தலும் அப்படியே. கலச மகாலில் முடிந்தது என்றால் பல்லடத்தில் இரண்டு மாதப் பயிற்சி வகுப்பு நடத்தவும் முடியும். கைதேர்ந்த முதிய கொத்தனார்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.

பழம்பெருஞ்சின்னங்களுக்காகத் தமிழகத்தில் 2012இலேயே பாரம்பரிய ஆணையச் சட்டம் நிறைவேறியது; அது செயல்வடிவம் பெற ஒரு பத்தாண்டுக்கு மேல் ஆனது. அப்படிப்பட்ட பெரிய ஏற்பாடுகளின் பார்வை பல்லடத்துப் பக்கத்து ஊர் வீடு வரை வந்து சேரும் நாளுக்காக வீடுகள் காத்திருக்க மாட்டா. மேலே சொன்ன நான்கில் முதல் இரண்டுக்கு அரசாணையும் தேவையில்லை. உங்கள் தாத்தா வீட்டை அகற்ற முடிவு செய்துவிட்டீர்களா? பொக்லைனுக்குச் சொல்லிவிடும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். அளவு நாடாவும் ஒரு நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு ஆத்தாவை அருகில் உட்கார வைத்து, எந்த அறையில் என்ன இருந்தது என்று கேட்டு எழுதுங்கள். ஓர் ஓட்டைத் திருப்பி அதன் முதுகைப் படியுங்கள். பிறகு, கையால் பிரிக்கத் தெரிந்த ஆசாரியை வரச் சொல்லுங்கள்.